சட்டைக்கு முன்னால் போகும் காகிதம்

திருப்பூர் அங்கேரிபாளையம் சாலையோரத்துக் கம்பெனி ஒன்றில், ஒரே மேசையில், ஒரே பருத்தித் துணியில், ஒரே வயதுக் குழந்தைக்கு இரண்டு விதமாக இரவு உடை வெட்டுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற பைஜாமா காற்றோட்டமாக, தொளதொளவென்று இருக்கும். அமெரிக்காவுக்குப் போவது தொடையையும் மணிக்கட்டையும் பிடித்தாற்போல் இருக்கும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தீ.

அமெரிக்க விதிப்படி, ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையிலிருந்து 14-ஆம் அளவு வரைக்குமான இரவு உடை எளிதில் தீப்பற்றக் கூடாது. பருத்தியோ சட்டென்று பற்றும். தீயைத் தாங்கும் ரசாயனத்தை அதில் ஏற்றலாம். ஆனால் இரவு முழுக்கக் குழந்தையின் தோலோடு கிடக்கிற துணியில் ரசாயனத்தைப் பல பெற்றோர் விரும்புவதில்லை. அதனால் 1996-இல் ஒரு மாற்றுவழி திறக்கப்பட்டது: உடை உடம்போடு ஒட்டியிருந்தால் அந்தத் தீச்சோதனை வேண்டாம். துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று குறைந்தால் தீ அவ்வளவு வேகமாகப் பரவாது. மார்பு, இடுப்பு, மேற்கை, தொடை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஒவ்வோர் இடத்துக்கும், ஒவ்வோர் அளவுக்கும் உச்சவரம்பு எழுதி வைத்திருக்கிறார்கள். 'இது தீயைத் தாங்கும் உடையல்ல, இறுக்கமாகவே போட வேண்டும்' என்று பெற்றோரை எச்சரிக்கும் மஞ்சள் அட்டையும் அதில் தொங்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த ஹெல்பர் பையனுக்கு இது விளங்கவில்லை. "ஏனுங்க மாஸ்டர், இத்தன இறுக்கமா வெட்டுனா கொழந்தைக்குப் பத்துமாங்க?" என்கிறான். கத்தரிப்பதை நிறுத்தாமலே மாஸ்டர் சொல்கிறார்: "பனியன் துணி நல்லா இழுபடும் கண்ணு. அரை இஞ்சு கூடுனாத்தான் வம்பு. சரக்கே திரும்பீரும்."

அந்த அரை அங்குலத்துக்குப் பின்னால் ஒரு சட்டம், ஒரு சோதனைக்கூடம், ஒரு கையெழுத்து இருக்கின்றன. திருப்பூரில் தைத்த சட்டை தூத்துக்குடியில் கப்பலேற 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சரக்கு லாரியில் பின்னால் வரும்; காகிதம் முன்னால் போய்விடும். அந்தக் காகிதம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பது வழியில் இடத்துக்கு இடம் தெரிய வருகிறது.

திருப்பூரில் ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் முதல் பெட்டி வரை தாங்களே செய்கிற பெரிய கம்பெனிகள் சில உண்டு. மற்றபடி நிட்டிங் ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் வேறிடம், பிரிண்டிங் இன்னோரிடம். வெட்டிய துணிக் கட்டுகள் டாடா ஏஸ் வண்டிகளில் ஏறிப் பவர் டேபிளுக்குப் போகின்றன. இருபது, முப்பது மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்களுக்கு இங்கே பவர் டேபிள் என்று பெயர். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கும் மேல் ஏற்றுமதி செய்யும் ஊரின் பலம் இப்படிக் கைமாறிக் கைமாறி வேலை நடப்பதில்தான் இருக்கிறது. சான்றிதழ் கேட்கிறவருக்கு அதுவே பெரிய தலைவலி. ஒரு சட்டைக்குப் பத்துக் கைகள் பொறுப்பு என்றால், எந்தக் கையை விசாரிப்பது?

முதல் பெரிய விசாரணை சாயத்தைப் பற்றி வந்தது. அசோ சாயங்களில் ஒரு வகை, தோலின் மீதும் குடலிலும் உள்ள நுண்ணுயிரிகளால் உடைந்து, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக மாறக்கூடியது. பென்சிடின் அவற்றில் பேர்போனது. அத்தகைய சாயம் தோய்ந்த ஆடைகளுக்கு எதிராக ஜெர்மனி 1994-இல் சட்டம் கொண்டுவந்தது. அப்போது திருப்பூர்ப் பனியனுக்கு ஜெர்மனி பெரிய வாடிக்கை. ஒவ்வொரு நிறத்துக்கும் சோதனை அறிக்கை கேட்டு வாங்குவோர் கடிதம் எழுதினார்கள். இந்தியாவும் 1997-இல் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது: 22 அமீன்களில் எதுவும் ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தடை எல்லா அசோ சாயத்துக்கும் வரவில்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் பலவும் அசோ வகைதான். அவை உடைந்தாலும் அந்த 22 அமீன்களைத் தருவதில்லை என்றால் அனுமதி உண்டு. இந்த நுணுக்கத்தைச் சாயப்பட்டறை மாஸ்டர்கள் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. தேறாமல் திரும்பிய சாம்பிள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள்.

ஊரில் இப்போது சோதனைக்கூடங்களுக்குக் குறைவில்லை. கோவை அவிநாசி சாலையில் 1956-இல் தொடங்கிய சிட்ரா ஆராய்ச்சிக் கழகத்தில் ஆரம்பித்து, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நிறுவனங்களின் கிளைகள் வரை இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. உள்ளே நடக்கும் வேலை, ஒரு குழந்தை சட்டையை என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்து, அதையெல்லாம் கண்ணாடிக் குழாயில் செய்து பார்ப்பதுதான். அசோ சோதனைக்குத் துணியைத் துண்டுதுண்டாக வெட்டி, 70 டிகிரி வெந்நீர்க் கரைசலில் ஊறவைத்து, சோடியம் டைதயோனைட் சேர்த்துச் சாயத்தை வேண்டுமென்றே உடைக்கிறார்கள். பிறகு கருவியில் ஏற்றி, அமீன் தலைகாட்டுகிறதா என்று தேடுகிறார்கள். வியர்வைச் சோதனைக்கு ஹிஸ்டிடினும் உப்பும் கலந்து செயற்கை வியர்வை தயாராகிறது. அதில் நனைத்த துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்து அழுத்தி, 37 டிகிரி சூட்டில் நான்கு மணி நேரம் வைக்கிறார்கள். வெள்ளைத் துணியில் எவ்வளவு கறை ஏறியது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண்.

1992-இல் ஆஸ்திரியா, ஜெர்மனி ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய ஓக்கோ-டெக்ஸ் சான்று, துணிகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. மூன்று வயது வரையிலான குழந்தைகளின் துணி முதல் வகுப்பு. கெடுபிடி அங்கேதான் அதிகம். சுருக்கம் விழாமலிருக்கப் போடும் ஃபார்மால்டிஹைடு, தோலைத் தொடும் பெரியவர் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வரை இருக்கலாம். குழந்தைத் துணியில் அது கருவிக்கே அகப்படாத அளவில் இருக்க வேண்டும். முதல் வகுப்புக்கு எச்சில் சோதனையும் உண்டு, குழந்தை சட்டைக் கையை வாயில் வைத்துச் சப்பும் என்பதால். விதி எழுதியவர்கள் தொட்டிலருகே நின்று பார்த்திருக்கிறார்கள். திருப்பூரில் சலித்துக்கொள்கிறவர்கள்கூட இந்த ஒன்றில் குறை சொல்வதில்லை.

துணி தேறினாலும் பட்டன் தேற வேண்டும். பிரஸ் பட்டனிலிருந்து நிக்கல் கசிந்தால் தோல் தடிக்கும். அதற்கு ஐரோப்பாவில் வரம்பு இருக்கிறது. குழந்தைப் பொருள்களில் ஈயம் பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கூடாது என்று 2008-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் சொல்கிறது. சாதாரணத் துணிக்கு அந்த ஈயச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, பட்டனுக்கும் ஜிப்புக்கும் கிடையாது. பட்டன் பிய்ந்து குழந்தையின் தொண்டையில் போகாமலிருக்க, அதைக் கருவியில் மாட்டி இழுத்தும் பார்க்கிறார்கள். கழுத்திலும் தலைமூடியிலும் தொங்கும் நாடா, சறுக்குமரத்தில் சிக்கிப் பிள்ளைகள் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள். அதனால் ஏழு வயதுக்குட்பட்டவர்களின் தலைமூடியில் நாடாவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. இப்படி ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு குழந்தைக்கு நேர்ந்தது இருக்கிறது. நாடா இல்லாத தலைமூடியைத் தைக்கிற பெண்ணுக்கு அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. சொன்னால் அந்தத் தையலை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார்.

சொல்லித் தெரிய வேண்டாத விதியும் ஒன்று உண்டு. தணிக்கைக்கு வந்த இளம்பெண், மெஷினில் இருப்பவரிடம் கேட்கிறார்: "அக்கா, ஊசி ஒடைஞ்சா என்ன பண்ணுவீங்க?" அவர் தலை நிமிராமல் சொல்கிறார்: "ஒடைஞ்ச துண்டு அத்தனையும் பொறுக்கி, நோட்டுல ஒட்டிக் காட்டுனாத்தானுங்க புது ஊசி. ஒரு துணுக்கு கெடைக்கலைன்னாலும் அந்தக் கட்டையே ஒதுக்கிருவோமுங்க." அப்படி ஒட்டிய ஊசித் துண்டுகளோடு ஒரு பதிவேடு சூப்பர்வைசர் மேசையில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம், தேதிவாரியாக, செலோடேப்பின் அடியில் உடைந்த உலோகம். பெட்டியில் அடைக்கும் முன் சட்டைகள் மெட்டல் டிடெக்டர் வழியாகவும் போகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் துணியே வாய் திறந்து சொல்லக்கூடியவை. சோதனைக்கூடம் கேட்டால் பதில் வரும். ஆர்கானிக் பருத்தி அப்படிப்பட்டதில்லை. உலகில் ஆர்கானிக் பருத்தி அதிகம் விளைவது இந்தியாவில். அதே இந்தியாவில் மற்றப் பருத்தி வயல்களில் பெரும்பகுதி மரபணு மாற்றிய பி.டி. ரகம். பஞ்சாக இருக்கும்போது மரபணுச் சோதனையில் இரண்டையும் பிரித்துவிடலாம். வெளுத்து, சாயமேற்றிய பிறகு துணியில் மரபணு சிதைந்துவிடுவதால் நம்பகமான பதில் கிடைக்காது. அதற்குப் பிறகு அந்தத் துணி ஆர்கானிக் என்பதற்குக் காகிதம் மட்டுமே சாட்சி.

அந்தக் காகிதத்தின் பெயர் பரிவர்த்தனைச் சான்று. கோட்ஸ் என்று தொழிலில் வழங்கும் உலக ஆர்கானிக் ஜவுளித் தரம் 2005-இல் வெளியானது. ஜின்னிங் ஆலை, நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல், ஏற்றுமதி என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் சான்று பெற்றிருக்க வேண்டும். சரக்கு கைமாறும்போதெல்லாம் எடை குறித்த சான்றும் கூடப் போக வேண்டும். வாங்கிய எடைக்கு மேல் விற்றால் கணக்கு இடிக்கும். முழு 'ஆர்கானிக்' முத்திரைக்குக் குறைந்தது 95 சதவீத ஆர்கானிக் நார் தேவை. 2020 அக்டோபரில் கோட்ஸ் அமைப்பே ஒரு மோசடியை வெளியிட்டது. இந்தியாவில் 20,000 டன் பஞ்சுக்குப் போலிச் சான்றுகள் புழங்கியிருந்தன. அந்தச் சான்றுகளில் இருந்த கியூஆர் குறி, அரசுத் தளத்தை அச்சு அசலாக நகலெடுத்த போலித் தளத்துக்குக் கொண்டுபோனது. 11 நிறுவனங்களுக்குச் சான்று மறுக்கப்பட்டது. உண்மையாகவே ரசாயன உரம் போடாமல், மகசூல் குறைந்தாலும் பொறுத்துக்கொண்டு விளைவித்த உழவருக்குத்தான் இதில் பெரிய நஷ்டம். அவர் பஞ்சுக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் விலையைப் போலிக் காகிதம் கீழே இழுத்துவிட்டது.

தொழிலாளர் நலச் சான்றுகளின் கதை இதைவிடக் கனமானது. 1997-இல் வந்த எஸ்ஏ 8000 தரம், வாரத்துக்கு 48 மணி நேர வேலை, மிஞ்சிப்போனால் 12 மணி நேர ஓவர்டைம் என்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு இதே சான்று கொடுக்கப்பட்டிருந்தது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரும் தணிக்கையால் அங்கிருந்தது போன்ற பூட்டிய கதவைக் கண்டுபிடிக்க முடியாது. திருப்பூரில் ஒரே கூடத்துக்கு ஒரே ஆண்டில் ஐந்தாறு வாங்குவோர் ஐந்தாறு தணிக்கைக்காரர்களை அனுப்புகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இத்தனை தணிக்கைக்கு ஆகும் பணத்தில் பாதியைச் சொல்லாமல் வந்து பார்ப்பதற்கும், தொழிலாளரிடம் வெளியே வைத்துப் பேசுவதற்கும் செலவிட்டால் பலன் அதிகம் கிடைக்கும்.

திருப்பூரிலிருந்து கிழக்கே நொய்யல் கரையோடு போனால் ஒரத்துப்பாளையம் அணை. தூத்துக்குடி வழியிலிருந்து இது கொஞ்சம் விலகல்தான். ஆனால் சட்டையைத் தொடர்கிறவர்கள் இங்கே வராமல் போகக் கூடாது. ஈரோடு, கரூர்ப் பகுதி வயல்களுக்கு நீர் கொடுக்க எழுப்பிய அணை இது. 1992 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், அதற்கு மேலும் போடுவார்கள். சாயம் துணியில் ஏறும். உப்பு முழுக்கத் தண்ணீரில் நிற்கும். அந்த உப்புத்தண்ணீர் ஆற்றில் இறங்கியது. கிணறுகள் கெட்டன, தென்னை கருகியது, அணைத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறக்க வேண்டாம் என்று உழவர்களே தடுக்க வேண்டியதாயிற்று.

ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. 1994-இல் ஜெர்மனி கேட்டது, 1997-இல் இந்தியா தடை செய்தது. திருப்பூர்ச் சட்டை அயல்நாட்டுக் குழந்தைக்குப் பாதுகாப்பாகிவிட்டது. அதே ஆண்டுகளில்தான் ஒரத்துப்பாளையம் செத்தது. சட்டையில் எந்த நஞ்சு இருக்கிறது என்று கேட்ட காகிதம், அதை அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அலசிவிட்ட உப்பு சட்டையில் தங்காது. சட்டையை மட்டும் சோதித்தால் நொய்யல் கண்ணில் படாது.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஆற்றுப் பாசன உழவர்கள். அவர்களின் சங்கம் வழக்குப் போட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் கழிவே வெளியேறாத சுத்திகரிப்புக்குக் கெடு வைத்தது. கெடு நீண்டுகொண்டே போனது. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊர் ஸ்தம்பித்தது. துணி லுதியானா வரைக்கும் போய்ச் சாயமேறி வந்தது. வேலையில்லாமல் பலர் சொந்த ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு உருவான அமைப்புதான் இன்று திருப்பூர் பெருமையோடு காட்டுவது. சாயநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாயில் போகிறது. உயிரிமுறையில் சுத்தமாகி, எதிர் சவ்வூடு பரவல் வழியாகப் பிரிந்து, நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிச்சமுள்ள உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பையும் மீட்கிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்பு மூட்டைமூட்டையாகக் கிடங்குகளில் அடுக்கிக் கிடக்கிறது. அதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை. செலவு கிலோ துணிக்கு இவ்வளவு என்று சாயக்கூலியில் ஏறுகிறது. சாயநீரை இப்படிக் காய்ச்ச வேண்டிய கட்டாயம் இல்லாத நாட்டுச் சட்டையோடு அதே விலையில் மோத வேண்டியிருக்கிறது.

காங்கேயம் தாண்டித் தாராபுரம் பக்கம் வந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றில் பல, கோவை, திருப்பூர் ஆலைகளுக்குச் சொந்தம். மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று வெளிநாட்டு வாங்குவோர் கேட்கத் தொடங்கிய பிறகு இந்த விசிறிகளும் ஒரு வகைச் சான்றாகிவிட்டன. ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று லாரி இரவெல்லாம் தெற்கே ஓடுகிறது.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கேள்விகள் சட்டையை விட்டு, அதைச் சுமக்கிற பொருள்களுக்குத் தாவுகின்றன. பெட்டிக்கு அடியிலுள்ள மரப் பலகையில் கோதுமைக் கதிர்ச் சின்னம் சூடு போட்டிருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியது, உள்ளே வண்டு உயிரோடு இல்லை என்று அதற்குப் பொருள். ஈரம் உறிஞ்சப் பெட்டிக்குள் போடும் சிறு பொட்டலத்திலும் கவனம் வேண்டும். பூஞ்சை தடுக்க டைமெத்தில் ஃபியூமரேட் கலந்த பொட்டலம் வைத்த சோபாக்களும் காலணிகளும் ஐரோப்பாவில் பலருக்குத் தோலைப் புண்ணாக்கின. 2009-இல் அது தடையானது. சட்டையின் சாயம் தேறி, பட்டன் தேறி, பொட்டலத்தால் சரக்கு திரும்பினால் நட்டம் முழுக்கத் தைத்தவருக்கு.

பல பெட்டிகள் இங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, ஹாம்பர்க்குக்கோ ராட்டர்டாமுக்கோ புறப்படுகின்றன. கப்பல் போன பிறகும் காகிதம் ஓய்வதில்லை. ஆர்கானிக் சரக்கின் கடைசிப் பரிவர்த்தனைச் சான்றுக்கு இன்வாய்ஸும் கப்பல் சரக்குச் சீட்டும் கையில் வந்த பின்புதான் விண்ணப்பிக்க முடியும். சரக்கு இறங்கும் பக்கத்தில், 2024 டிசம்பர் 13 முதல் நடப்பிலுள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு விதிப்படி, சரக்குக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தாக வேண்டும்.

அடுத்த காகிதம் காகிதமாகவே இருக்காது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சூழல் வடிவமைப்புச் சட்டம், பொருளுக்கு ஒரு மின்னணுக் கடவுச்சீட்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவருகிறது. முதல் வரிசையில் ஜவுளியும் நிற்கிறது. எந்த விவரங்கள் அதில் கட்டாயம் என்பது விதிகளாக உருவாகும் காலம் இது. திருப்பூர் தன் குரலை இப்போதே வலுவாகச் சேர்க்க வேண்டும். இருபது மெஷின் பவர் டேபிள்காரர் இந்த விவரங்களைத் திரட்ட ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது. அந்தச் செலவு சட்டை விலையில் தனி வரியாக ஏற வேண்டும், வாங்குவோர் அதைக் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டில் தண்ணீருக்கும் ஓர் இடம் கேட்க வேண்டும். பட்டறையிலிருந்து எவ்வளவு சாயநீர் வந்தது, எவ்வளவு தண்ணீர் திரும்பிப் போனது, எவ்வளவு உப்பு மீண்டது என்ற கணக்குச் சுத்திகரிப்பு நிலையப் பதிவேடுகளில் நாள்வாரியாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.